வேன் வீட்டோடு குமரி மாவட்டம்: ஓய்வுக்குப் பிறகு பழைய சேக்காளிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

ஓய்வு பெற்று, கேம்பர் வேன் ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ கிளம்புகிறவர்கள் முதலில் எழுதுவது இடங்களின் பட்டியலைத்தான். குமரி மாவட்டத்துக்கு வரும்போது அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஆட்களின் பட்டியலை எழுதுங்கள். மாவட்டம் சிறியது. மேற்கு எல்லையான களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி முனை வரை ஓட்டினாலும் ஏறக்குறைய 60 கி.மீ.தான். இங்கே தூரம் ஒரு பொருட்டே இல்லை, சாலையின் அகலம்தான் பொருட்டு. அதனால் முழுத் திட்டமும் ஒரே முடிவில் நிற்கிறது: வேனை இரண்டே இடங்களில் நிறுத்துங்கள், நண்பர் வீடுகளுக்குப் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போங்கள். வேன் உங்கள் படுக்கையும் மருந்து அலமாரியும் கழிப்பறையுமாக இருக்கட்டும். அதை வாசல்வரை கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையில்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

மூன்று மாதம் முன்பே: ஆட்களைக் கண்டுபிடிப்பது

பழைய முகவரிப் புத்தகத்தை அப்படியே நம்பாதீர்கள். 04652, 04651 என்று தொடங்கும் லேண்ட்லைன் எண்களில் பல இன்று உயிரோடு இல்லை. வேலைக்காலம் முழுக்க நாகர்கோவிலில் வாடகைக்கு இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு தக்கலைக்கோ குலசேகரத்துக்கோ பக்கத்தில் உள்ள பூர்வீக விளைக்கு, அதாவது தோப்பு நிலத்துக்கு, திரும்பியிருக்கலாம். வளைகுடாவிலோ சென்னையிலோ பிள்ளைகளோடு ஆண்டில் பாதி நாள் இருப்பவர்களும் இங்கே நிறைய.

தேட எளிதான வழி படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்கம்: நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி என்று எதுவானாலும் ஆண்டுவாரியாக வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். அரசு ஊழியராக இருந்தவரைத் துறையின் ஓய்வூதியர் சங்கத்தில் கேட்கலாம். இரண்டும் பலிக்காவிட்டால் அவர் ஊரின் தபால் நிலையம் இருக்கிறது. மாவட்டம் முழுக்கப் பின்கோடு 629 என்றுதான் தொடங்கும், கடைசி மூன்று இலக்கம்தான் ஊரைப் பிரிக்கிறது. ஒரே பெயரில் நாலைந்து ஊர்கள் இருக்கிற மாவட்டம் இது. ‘விளை’, ‘கோடு’, ‘புதூர்’ என்று முடியும் பெயரை மட்டும் வைத்துக் கிளம்பினால் வேறு ஏதோ சர்ச் வாசலில் போய் நிற்பீர்கள்.

ஆள் கிடைத்ததும் போனில் கேட்க வேண்டியவை சில உண்டு. குசலம் விசாரிக்கிற பேச்சோடு கலந்து கேளுங்கள், விண்ணப்பப் படிவம் நிரப்புவதுபோல ஆகிவிடக் கூடாது.

அந்த மாதம் ஊரில் இருப்பாரா, பேரன் பேத்தி வருகிறார்களா, வீட்டில் கல்யாணம் உண்டா. உடம்பு எப்படி, எந்த நேரத்தில் தெம்பாக இருப்பார். வீட்டில் வேறு யார் நோயாளி. எந்தப் பஸ் நிறுத்தத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து எவ்வளவு நடை. கடைசியாக, எல்லாவற்றிலும் பயன்படுகிற கேள்வி: வீடு கட்டும்போது செங்கல் லாரி வாசல்வரை வந்ததா, இல்லை ரோட்டில் இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோனீர்களா? “வண்டி வரும், தாராளமா வரும்” என்று எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் மனதில் இருப்பது கார். செங்கல் லாரி பற்றிய பதில் ஒருபோதும் பொய்யாகாது.

தோட்ட வேலையோ கடல் வேலையோ செய்கிறவர் என்றால் அவருடைய நேரம் வேறு. ரப்பர் பால்வெட்டு விடியுமுன் தொடங்கும், பால் எடுத்து முடிக்க முற்பகல் ஆகிவிடும், ஆகவே சாயங்காலம் போங்கள். விசைப்படகு வைத்திருப்பவரை மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் பிடிக்கலாம். ஆனால் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் இருக்கிறது. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

எந்த மாதம்

ஜனவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் வரை. இதற்கு மாற்று சொல்ல அதிகம் இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் என்பதால் மழையில்லாத நீண்ட இடைவெளி இதுதான். இரவு வெப்பம் 22–24 டிகிரி அளவில் இருப்பதால் ஏசி இல்லாமல் மின்விசிறியோடு வேனில் தூங்கலாம்.

நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம், கன்னியாகுமரியில் வேன் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3ஆம் தேதியில் முடியும், அந்த நாட்களில் நாகர்கோவிலுக்குள் பெரிய வண்டியோடு நுழையாதீர்கள். மார்ச் வாக்கில் மண்டைக்காட்டில் மாசிக் கொடை, அப்போது கடற்கரை மார்க்கம் நெரியும். நண்பர் அந்தப் பகுதிக்காரர் என்றால் திருவிழாவுக்கே அழைப்பார். போகலாம், வேன் இல்லாமல்.

ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கத்தோடு கள்ளக்கடல் வேறு. காற்று, மழை எதுவும் இல்லாத தெளிந்த நாளில் தொலைதூரப் பெருங்கடலில் உண்டான அலை வந்து கரையேறுவதைத்தான் மீனவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் நிறுவனத்தின் எச்சரிக்கை வந்த நாளில் கடலோரத்தில் வண்டி நிறுத்துவதும் காலை நனைப்பதும் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று. அதைப் பற்றிப் பின்னால்.

மத்திய அரசு ஓய்வூதியர் நவம்பரில் கிளம்புவதாக இருந்தால் உயிர்வாழ் சான்றை நினைவில் வையுங்கள். முக அடையாளச் செயலி வழியாக வழியிலேயே பதியலாம், ஆனால் ஒரு முறையாவது வீட்டில் செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வண்டியும் காகிதமும்

சொந்தமாக மாற்றியமைத்த டிராவலர் வேன் என்றால் முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. இருக்கைகளைக் கழற்றிக் கட்டிலும் காஸ் அடுப்பும் பொருத்திவிட்டு ஆர்.சி.யில் பழைய வகையே இருந்தால், தீ விபத்து என்று வரும்போது காப்பீட்டு நிறுவனம் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மோட்டார் கேரவன்களுக்கென ஏஐஎஸ் 124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி செய்து தருகிற கட்டுநரிடம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வகை மாற்றி, அந்த மாற்றத்தைக் காப்பீட்டிலும் ஏற்றுங்கள். வாடகைக்கு எடுத்தால் நம்பர் பலகையின் நிறம் போதும்: டிரைவரோடு வருவது மஞ்சள் பலகை, நீங்களே ஓட்டுவது கறுப்பில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியைக் காசுக்குத் தருகிறவரிடம் எடுக்காதீர்கள்.

ஓட்டுநர் உரிமம் 55 வயதைத் தாண்டிப் புதுப்பித்தால் ஐந்தைந்து ஆண்டுகள்தான் செல்லும், மருத்துவச் சான்று படிவம் 1ஏ வேண்டும். முடியும் தேதியைப் பார்த்து வையுங்கள். சாதாரண இலகுரக உரிமம் 7,500 கிலோ மொத்த எடை வரை போதும், கேம்பர் வேன்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

உள்ளமைப்பில் வயதானவர்களுக்கு என்று பார்க்க வேண்டியது நான்கு. ஏறும் படி ஒவ்வொன்றும் 20 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, உயரமானால் வழுக்காத மணை ஒன்றைச் சேர்த்து வையுங்கள். கதவோரம் இரண்டு கையாலும் பிடிக்கக் கம்பி. கட்டில் உயரம் 45–50 செ.மீ., மேல்தட்டுப் படுக்கை வேண்டவே வேண்டாம். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை தரையோரம் மங்கலான விளக்கு. இடறி விழுவது பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதுதான்.

புறப்படுமுன் வண்டியின் உச்சி உயரத்தை டேப் வைத்து அளந்து, சோலார் பலகை, கேரியர் எல்லாவற்றையும் சேர்த்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். கிராமச் சாலைகளில் குறுக்கே தொங்கும் கேபிள் டிவி வயரும் தாழ்ந்த பலாக் கிளையும் அந்த எண்ணைக் கேட்கும்.

மின்சாரம்: இங்கே ஏன் கணக்குத் தப்புகிறது

நெடுந்தூரப் பயணத்தில் ஓடும் எஞ்சினே பேட்டரியை நிரப்பிவிடும். குமரியில் ஒரு நாளைக்கு வேன் ஓடுவது அரை மணியோ ஒரு மணியோதான், பல நாள் ஓடவே ஓடாது. நிறுத்துகிற இடமோ தென்னையும் மாவும் பலாவும் மூடிய நிழல். ஆகவே எஞ்சின் சார்ஜும் குறைகிறது, சோலாரும் குறைகிறது. வடக்கே நன்றாக ஓடிய அமைப்பு இங்கே இரண்டாம் இரவில் கையை விரிப்பது இதனால்தான்.

இரண்டு பேருக்கு ஒரு நாள் செலவு இப்படி வரும்: 40 லிட்டர் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் சுமார் 450 வாட் அவர், 20 வாட் விசிறி இரண்டு ஒன்பது மணி நேரம் ஓடினால் 360, விளக்கும் போனும் 90. மொத்தம் 900. தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்கு சிபாப் இயந்திரம் வைக்கிறவர் என்றால், ஈரப்பத வெப்பம் இல்லாமல் ஓட்டினாலும் இன்னொரு 250. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட் 100 ஆம்ப் அவர் என்பது 1,280 வாட் அவர். அதில் 1,000 முதல் 1,100 வரை எடுக்கலாம். அதாவது ஒரே நாள். 200 வாட் சோலார் நல்ல வெயிலில் நாளுக்கு 700 வரை தரும், மரநிழலில் அதில் கால்பங்கு வந்தாலே பெரிது. ஓடும் எஞ்சினிலிருந்து வேன் பேட்டரிக்கு ஏற்றுகிற 30 ஆம்ப் டிசி–டிசி சார்ஜர் ஒரு மணி ஓட்டத்துக்கு 400க்குக் கொஞ்சம் குறைவாகத் தரும்.

எனவே இரண்டு பேட்டரி, அதாவது 200 ஆம்ப் அவர் வைத்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கரண்ட் இழுப்பதாகத் திட்டமிடுங்கள். 20 ஆம்ப் சார்ஜர் சுவரிலிருந்து இழுப்பது சுமார் 300 வாட்தான், சாதாரண 6 ஆம்ப் பிளக்கே தாங்கும். இரவு முழுக்க ஏற்றினாலும் ஏறக்குறைய மூன்று யூனிட்தான். ஏசியை மட்டும் நண்பர் வீட்டுக் கரண்டில் ஓட்டாதீர்கள். ஒரு டன் ஏசி பழைய 6 ஆம்ப் பிளக்கைச் சூடாக்கும். அதோடு தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடுவதால், நீங்கள் போன பிறகு வருகிற பில் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இழுக்கும் முறை:

1. 2.5 ச.மி.மீ. மூன்று கோர் செம்புக் கம்பி, 20 மீட்டர், சுருளில். பயன்படுத்தும்போது சுருளை முழுவதும் பிரித்துவிடுங்கள். சுருட்டியபடியே கரண்ட் ஓடினால் உள்ளடுக்கு சூடேறி உருகும்.
2. பிளக்கில் முதலில் சாக்கெட் டெஸ்டரைச் செருகி எர்த் இருக்கிறதா பாருங்கள். பழைய ஓட்டு வீடுகளில் மூன்றாவது துளை இருக்கும், அதன் பின்னால் கம்பி இருக்காது. எர்த் இல்லாவிட்டால் வேறு பிளக், அதுவும் இல்லாவிட்டால் அன்றைக்கு வேண்டாம்.
3. வேன் பக்கம், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம். அதன் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள்.
4. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் செருகாதீர்கள். கரண்ட் போன நேரம் உங்கள் சார்ஜர் அவர்கள் பேட்டரியை உறிஞ்சிவிடும், நடு இரவில் அவர்கள் விசிறி நிற்கும்.
5. இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது. மழை எப்போது வரும் என்று இந்த மாவட்டத்தில் யாரும் சொல்வதில்லை.

தண்ணீர், கழிப்பறை, காஸ்

100 லிட்டர் தொட்டி, சிக்கனமாகக் குளித்தால் இரண்டு பேருக்கு இரண்டு நாள். கிணற்றுத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிற ஊர்தான், ஆனால் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கலாம், நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். குடிக்க 20 லிட்டர் கேன் தனியாக. கிளம்புமுன் தொட்டியைச் சுத்தம் செய்ய: நிறையத் தண்ணீர் நிரப்பி, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 100 மி.லி. ஊற்றி, எல்லாக் குழாயையும் திறந்து வாடை வந்ததும் மூடி, நான்கு மணி நேரம் விட்டு முழுக்க வடித்து, இரண்டு முறை அலசுங்கள்.

20 லிட்டர் கேசட் கழிப்பறை (கழற்றிக் காலிசெய்யும் தொட்டி உள்ளது) இருவருக்கு இரண்டு, மூன்று நாள் வரும். அதைக் காலிசெய்ய ஒரே இடம் செப்டிக் டேங்கோடு இணைந்த கழிப்பறை. குளம், ஆற்றங்கரை, பெருஞ்சாணி, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஓடும் கால்வாய் எதுவும் கூடாது. அந்தத் தண்ணீர் ஏலாவுக்கு, அதாவது வயலுக்கு, பாய்வது, ஆட்கள் குளிப்பது. ஃபார்மால்டிஹைடு கலந்த ரசாயனம் செப்டிக் டேங்கின் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதால் நொதி வகையையே வாங்குங்கள். நண்பர் வீட்டில் இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் கேட்காதீர்கள், தங்குமிட லாட்ஜில் முடித்துக்கொள்ளுங்கள். பகலில் அவர்கள் கழிப்பறையைப் பயன்படுத்தினால் கேசட் ஒருநாள் கூடத் தாங்கும். மூட்டுவலிக்காரர் மட்டும், வெஸ்டர்ன் கம்மோடு உண்டா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

காஸ் 5 கிலோ சிலிண்டர் போதும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். எனவே தரை மட்டத்தில் காற்றுத் துளை இருக்க வேண்டும், அதைப் பாய் போட்டு மூடக் கூடாது. இன்சுலின் ஃப்ரிட்ஜில் 2–8 டிகிரியில், உறைபனித் தகட்டைத் தொடாமல். மற்ற மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு எடுத்து வையுங்கள், மருத்துவர் சீட்டோடு.

உள்ளே வருவது

திருநெல்வேலியிலிருந்து 44ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்தால் காவல்கிணறில் வழி பிரியும். நேரே போவது கன்னியாகுமரி, வலப்பக்கம் ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் காற்று அந்தக் கணவாயில் நெருங்கி வேகமெடுக்கிறது. பக்கவாட்டில் சப்பையாக உயர்ந்த வேனுக்கு ஆபத்தான நேரம் காற்று அடிக்கும்போது மட்டும் வருவதில்லை. பெரிய லாரி ஒன்று காற்றை மறைத்து, அதைத் தாண்டியதும் திடீரென்று மறுபடி அடிக்கும், அப்போதுதான் வண்டி தடம் மாறும். மணிக்கு 50 கி.மீ.க்குக் கீழே, இரண்டு கையும் ஸ்டியரிங்கில், லாரியை முந்தாமல், கூரைமேல் எதையும் கட்டாமல் வாருங்கள். ஜூன்–செப்டம்பரில் விடியற்காலையே கடந்துவிடுவது நல்லது.

மேற்கே 66ஆம் எண் சாலையில் களியக்காவிளையிலிருந்து வருகிறவர்கள் மார்த்தாண்டத்துக்குள் வேலை இல்லாவிட்டால் மேம்பாலத்தைப் பிடியுங்கள். கீழே மாட்டினால் கடை வாசல்களுக்கு நடுவே ஊர்வீர்கள். காலை 8–10, மாலை 4–7 பள்ளி வண்டிகள். கல்லும் எம்சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் எதிரே வந்தால் இடம் விட்டு ஒதுங்குவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள்.

இரண்டு தங்குமிடம்

கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. கிழக்குக்கு நாகர்கோவில்–சுசீந்திரம்–கன்னியாகுமரி வரிசையில் எங்காவது, தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்ட நண்பர்களுக்கு. மேற்குக்குத் தக்கலை அல்லது மார்த்தாண்டம் பக்கம், கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டார் வட்டங்களுக்கு. இடம்: மதில் உள்ள லாட்ஜ் முற்றம், முகூர்த்தம் இல்லாத நாளில் திருமண மண்டப வளாகம், அனுமதி கேட்டுச் சர்ச் மைதானம். லாட்ஜில் ஒரு சின்ன அறையை எடுத்து வேனை முற்றத்தில் நிறுத்துவது பலருக்கும் சரிப்படும். குளியல், கழிப்பறை, கரண்ட் மூன்றும் அதில் தீர்ந்துவிடும். வனத்துறையின் காப்புக்காடுகளில், பேச்சிப்பாறை, காளிகேசம் பக்கம் இரவு தங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். வனத்துறை விடாது, யானைக்கும் அது பிடிக்காது.

நிறுத்தும்போது மேலே பாருங்கள். தென்னை என்றால் வேண்டாம், தேங்காயைவிட மட்டை அடிக்கடி விழும். ஏப்ரலுக்கு மேல் சக்கை (பலா) மரமும் அப்படித்தான். காற்றுக்காலத்தில் வண்டியின் மூக்கு மேற்கே இருக்கட்டும், வேனின் பக்கவாட்டில் விரிகிற துணிப் பந்தலை விரிக்க வேண்டாம். முட்டம், சொத்தவிளை, சங்குத்துறை போன்ற கடற்கரைகளில் தார் முடிகிற இடத்தோடு நிறுத்திவிடுங்கள். மேலே கெட்டியாகத் தெரியும் மணல் மூன்று டன் வண்டியை அச்சுவரை விழுங்கும். அப்படி மாட்டினால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். டயர் காற்றைப் பாதியாக இறக்கி, முன்னும் பின்னும் மணலைத் தோண்டி, தென்னை மட்டையைக் குறுக்கே போட்டு மெல்ல எடுங்கள். ஏறியதும் காற்றை நிரப்பாமல் வேகமெடுக்கக் கூடாது.

நண்பர் வீட்டுக்கு

நாகர்கோவிலில் வெளியூர்ப் பஸ்களுக்கு வடசேரி, சுற்றுக் கிராமங்களுக்கு அண்ணா பஸ் நிலையம். டவுன் பஸ் போகாத விளை குறைவு, சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் நிறுத்தத்திலிருந்து ஆட்டோ.

வேனோடுதான் போயாக வேண்டும் என்றால் முதல் நாள் ஆட்டோவில் போய் வழியைப் பாருங்கள். இடவழிகளின் இரு பக்கமும் கய்யாலை, அதாவது எல்லைச் சுவர். மண் கய்யாலை மழைக்குப் பின் சக்கரம் ஏறினால் சரியும், கருங்கல் கய்யாலை கதவைக் கிழிக்கும். திருப்ப ஏறக்குறைய 14 மீட்டர் விட்டம் வேண்டும். அது நண்பர் வீட்டில் இல்லாவிட்டால், சர்ச் முன்போ ரேஷன் கடை முன்போ திருப்பி, கடைசி 100 மீட்டரைப் பின்பக்கமாக, ஒருவர் நடந்து வழிகாட்ட, பகலில் மட்டும் போங்கள். வழிகாட்டுகிறவர் உங்கள் கண்ணாடியில் தெரிய வேண்டும். அவர் மறைந்தால் பிரேக்.

நேரம்: காலை பத்தரை முதல் பன்னிரண்டு, இல்லாவிட்டால் நான்கு முதல் ஆறு. மதியம் சாப்பாடும் தூக்கமும். ஞாயிறு காலை கிறிஸ்தவ நண்பர் வீடுகளில் ஆள் இருக்காது. ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வீட்டில் உங்கள் கண் கடிகாரத்தைத் தேடும், அது அவருக்குத் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றித் தெளிவாகப் பேசிவிடுங்கள். இங்கே விருந்தாளிக்குச் சோறு போடாமல் அனுப்ப மாட்டார்கள். ஆனால் சமைக்கப் போவது அறுபத்தைந்து தாண்டிய ஒரு அம்மா, இடுப்பு வலியோடு. ஒரு வீட்டில் ஒரு வேளை, முன்பே சொல்லி, மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும் போதும் என்று நீங்களே கேட்டுவிட்டால் அவருக்கும் பாரம் குறையும், உங்களுக்கும் அதுதான் வேண்டியது. இரவு தங்கச் சொல்லிக் கையைப் பிடித்தால், “படுக்கது வண்டியிலதான் மக்கா, மாத்திரையும் மெஷினும் அதுலதான் கெடக்கு, காலைல காப்பிக்கு வாறோம்” என்று சொல்லுங்கள். மாத்திரை என்று சொன்னபின் யாரும் வற்புறுத்துவதில்லை.

கையில் என்ன கொண்டுபோவது? வாழைப்பழம் வேண்டாம், மட்டியும் செவ்வாழையும் நேந்திரனும் விளைகிற ஊருக்கு அதைச் சுமப்பதில் பொருளில்லை. இனிப்புப் பெட்டியும் வேண்டாம், பாதிப் பேருக்குச் சர்க்கரை. உங்கள் ஊர்ப் பருப்பு, செக்கு நல்லெண்ணெய் போன்றவை வீட்டில் உண்மையில் பயன்படும். அதைவிட மேலானது பழைய குழுப்படம் ஒன்றின் பெரிய பிரதி, பின்னால் எல்லார் பெயரும் எழுதியது.

நோயும் இழப்பும்

இந்த வயதுப் பயணத்தில் இதற்குத் தயாராகாமல் போகக் கூடாது. மறதி நோய் உள்ள நண்பரிடம் “நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்” என்று தொடங்காதீர்கள், பரீட்சை வைத்ததுபோல் ஆகிவிடும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து உங்கள் பெயர், ஊர், சேர்ந்து வேலை செய்த அலுவலகம் மூன்றையும் நீங்களே சொல்லுங்கள். காலை வேளை, அரைமணி நேரம், ஒரே ஒரு ஆள். ஆண்டையும் பெயரையும் தவறாகச் சொன்னால் திருத்த வேண்டாம். காது மந்தமானவர் என்றால் விசிறியும் டிவியும் நிற்கட்டும், நல்ல காது எந்தப் பக்கம் என்று வீட்டாரிடம் கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். படுக்கையில் இருப்பவரைப் பார்க்கும்போது, உங்களுக்குச் சளி இருந்தால் அன்று போகவே கூடாது.

நண்பர் காலமாகியிருந்தால், எவ்வளவு காலம் ஆகியிருந்தாலும், அவர் மனைவியையோ பிள்ளையையோ போய்ப் பாருங்கள். முன்பே போன் செய்து, வேறு வீட்டுக் கொண்டாட்டத்தோடு சேர்க்காமல், தனியாக ஒரு முற்பகல். அவர் உள்ள படம், அவர் எழுதிய கடிதம் ஏதாவது உங்களிடம் இருந்தால் அசலையே கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு நகல் போதும். கடன், பாக்கி, பழைய மனத்தாங்கல் எதையும் அன்று எடுக்காதீர்கள்.

உங்களுக்கே உடம்பு சரியில்லாமல் போனால் 108. பெரிய அரசு மருத்துவமனை நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வேனின் கதவு உட்பக்கம் இரத்த வகை, மருந்துப் பட்டியல், நோய்கள், பிள்ளைகளின் எண் எழுதிய தாள் தமிழில் ஒட்டியிருக்கட்டும்.

சேர்ந்து வெளியே போவதானால்

நிழல், உட்கார இடம், கழிப்பறை, சமதரை. இந்த நான்கையும் வைத்துத் தேர்ந்தெடுங்கள். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. உள்ளே மரநிழல், திருவிதாங்கூர்ப் படைத்தளபதியாக இருந்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை, நிதானமாக நடக்கலாம். பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை விடுமுறை. மரப் படிகள் செங்குத்து, வாசல்கள் குட்டை, முழங்கால் வலிக்காரர் கீழ்த்தளத்தோடு நின்றுவிடலாம். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் மேலே நடந்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள், கீழே ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டு ஏறும்போதுதான் உண்மையைச் சொல்லும். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரிலிருந்து கண்ணாடிப் பாலம் இருக்கிறது, ஆனால் படகு வரிசை நீளம், கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். சுசீந்திரத்தில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், துண்டு ஒன்றை மடித்து எடுத்துப் போங்கள்.

கிளம்பும் நாள்

மாவட்டத்தை விட்டுப் போகுமுன் கேசட்டையும் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியையும் தங்குமிடத்திலேயே காலிசெய்யுங்கள். நல்ல தண்ணீரை 20 லிட்டரோடு நிறுத்துங்கள், மீதி எடையை வழியெல்லாம் சுமக்க வேண்டியதில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய தூக்குவாளி, டப்பா எல்லாம் திரும்பியதா பாருங்கள். குமரி வீடுகளிலிருந்து வெறும் பாத்திரமாக எதுவும் வருவதில்லை, அதனால் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும்.

பிறகு உப்பு. கடலுக்கு ஒன்றிரண்டு கி.மீ.க்குள் சில இரவுகள் நின்ற வண்டியின் அடிப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும். வாட்டர் சர்வீஸ் செய்கிற இடத்தில் சேசிஸ், சக்கர உட்புறம், படி, டீசல் டேங்க் பட்டி ஆகியவற்றை நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் அறையிலும் மின் இணைப்புகளிலும் அழுத்தத் தண்ணீர் வேண்டாம். பேட்டரி முனை, எர்த் போல்ட், சோலார் இணைப்பு ஆகியவற்றை உலர்ந்த துணியால் துடைத்து வாஸ்லின் தடவுங்கள். கழுவியதும் வண்டியை நிறுத்திவிடாமல் பத்து நிமிடம் ஓட்டி, ஆளில்லாத நேர்சாலையில் பிரேக்கை நாலைந்து முறை மெல்ல மிதித்து டிஸ்க்கையும் டிரம்மையும் உலர்த்துங்கள். ஈரத்தோடு இரவு நின்றால் காலையில் பிரேக் ஒட்டிக்கொள்ளும்.